கத்தி படாத முகம்

"எம் பிள்ளை இன்னிக்கு வரைக்கும் மூஞ்சியில கத்தி வெக்கலைங்க" என்று ரெங்கம்மாள் கீழே நின்று வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடியில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற அவள் மகன் முரளிதரனுக்கு அது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. "பொண்டாட்டி மாசமா இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கு நிறுத்தினவன். பிள்ளை பொறந்த பெறகுதான் எடுப்பேன்னு இருந்தான். அது தங்கலை. இவனும் எடுக்கலை. இந்தக் காலத்துல எந்த ஆம்பளைங்க இப்படி இருக்கான்?"

இந்தக் கதையை ரெங்கம்மாள் சொல்லாத ஆள் இல்லை. மன்னார்புரத்தில் மகள் பிரேமலதாவோடு இருக்கிறவள், அங்கே காய்காரம்மாவில் தொடங்கி டெய்லர் கடை வரை சொல்லி முடித்தாயிற்று. இப்போது ஸ்ரீரங்கத்தில் மகன் குடியிருக்கிற தெரு. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கும், முந்தானையால் துடைத்துக்கொள்வாள். அத்தனையும் நிஜம். விஷயம் மட்டும்தான் பொய்.

முரளியின் முகத்தில் கத்தி பட்டது. அவன் மனைவி மட்டுவார்குழலிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் பட்டது. வீட்டு மனிதர்களில் அது தாய்க்கும் மகனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த மனிதன் ஷேவ் பண்ணிக்கொள்கிற அழகைச் சொல்லிவிட வேண்டும். கடையில் தொங்குகிற மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசர் எதுவும் அவன் தோலுக்கு ஆகாது. வழித்த மறுநாளே முடி உள்ளுக்குள் சுருண்டு கழுத்தெல்லாம் கொப்புளமாகிவிடும். அதனால் ஒற்றை பிளேடைப் போட்டுத் திருகுகிற பழைய மாதிரி ரேசருக்கு மாறினான். மாறியவன் சும்மா மாறவில்லை, அதையே ஒரு விரதமாக ஆக்கிக்கொண்டான். வெந்நீரில் நனைத்த துண்டு முகத்தில் இரண்டு நிமிடம். பிரஷைச் சோப்பில் ஓட்டி, கன்னத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்து, நுரை கெட்டித் தயிர் பதத்துக்கு வந்தால்தான் ரேசரையே தொடுவான். முதலில் முடி வளர்கிற திசையில் ஒரு தடவை, மறுபடி நுரை பூசிக் குறுக்கே ஒரு தடவை. கடைசியில் குளிர்ந்த தண்ணீர், அதற்கு மேல் படிகாரம்.

"ஒரு மூஞ்சிக்கு இவ்வளவு நேரமா? நான் நாலு பேருக்குச் சமைச்சு முடிச்சிருவேன்" என்று குழலி கதவைத் தட்டுவாள். சிரித்துக்கொண்டேதான் தட்டுவாள். நுரையோடு அவன் வெளியே வந்து அவள் மூக்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவான். கல்யாணமாகி இரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று.

குழலிக்கு நாள் தள்ளிப்போனது உறுதியான அன்றைக்கு, அந்த ரேசர், பிரஷ், சோப்பு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரி மேல் தட்டில் ஏற்றினான். யாரும் சொல்லவில்லை, அவனேதான் ஏற்றினான். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது இரண்டு குடும்பத்துக்கும் வழக்கம். ரொம்ப அரித்தால் கத்திரியால் குறைத்துக்கொள்ளலாம், பிளேடு கூடாது. ஏன் கூடாது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்டவனைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள்.

அவன் பார்க்கிற வேலையும் லேசான வேலை இல்லை. துவாக்குடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில், மூடின டேங்குகளுக்குள் இறங்கிச் சுத்தம் பண்ணி, வெல்டிங்கைப் பார்த்துவிட்டு வருகிற குழுவில் அவன் ஒருத்தன். உள்ளே என்ன வாயு இருக்கும் என்று சொல்ல முடியாது. முகம் முழுக்க மூடுகிற மாஸ்க் போட்டு, வெளியிலிருந்து குழாய் வழியாக வருகிற காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். மாஸ்க் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். நாலு நாள் தாடி இருந்தால்கூட இடுக்கு வழியாகக் காற்று கசிந்துவிடும். அதனால் தாடி வைத்த நாளிலிருந்து முரளி வெளியே நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் இறங்கினார்கள்.

"டேய், முழுகாம இருக்கறது உன் பொண்டாட்டியா, நீயா?" என்று கூட வேலை பார்க்கிற பாலு தினமும் ஒரு தடவையாவது கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். முரளியும் சிரிப்பான். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாலுவுக்குக் காய்ச்சல், வரவில்லை. இறங்கத் தெரிந்த இன்னொருவன் முரளி மட்டும்தான். பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த அப்துல் மாலிக் நல்ல மனிதர். அவர் கட்டாயப்படுத்தவே இல்லை.

"வேணாம் முரளி. நாளைக்கு பாலு வந்துடுவான். ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது" என்றார். "எனக்கும் தாடி வெக்கணும்னு ஆசைதான். இந்த வேலைக்கு வந்த நாள்லேர்ந்து வெக்கலை. ஆனா உன் விஷயம் வேற. அது உங்க வீட்டு வழக்கம்."

அதோடு விட்டிருக்கலாம். விட்டானா? பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தன் லேசாக வாயைக் கோணிக்கொண்டான். அவ்வளவுதான், ஐயாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆறு மாதமாகக் குழாய் பிடித்துக்கொண்டு நின்ற எரிச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. "கொடுங்க சார் ரேசரை" என்றான். தூக்கிப் போடுகிற மஞ்சள் ரேசர் ஒன்று கிடைத்தது. கை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டு, வேலை இடத்துக் கழிவறையில், பத்தே நிமிடத்தில் ஆறு மாதத் தாடியை வழித்துப் போட்டான். டேங்குக்குள் இறங்கினான், வேலையை முடித்தான், வெளியே வந்தபோது எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. குழலி அப்போது லால்குடியில் அம்மா வீட்டில் இருந்தாள். வளைகாப்பு முடிந்து அழைத்துப் போயிருந்தார்கள். தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் கூப்பிட்டபோது, "கேமரா கெட்டுப்போச்சு குழலி, குரல் மட்டும்தான் வரும்" என்றான். மறுநாளும் அதையே சொன்னான். லால்குடிக்கு வரச் சொன்னபோது வேலை நெருக்கடி என்றான். தாடி கொஞ்சம் வளரட்டும், கத்திரியால் குறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான்.

பதினாறாம் நாள் மாமனார் மதுரைவீரனிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, உடனே கெளம்பி வாங்க" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ரெங்கம்மாள் மகனைப் பார்த்தாள். பெற்றவளுக்கு ஒரு பார்வை போதாதா? பதினாறு நாள் முடியைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். அவனை ஓரமாக இழுத்துப்போனாள். அறையப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் அறையவில்லை. "அரிப்பு தாங்காம கத்திரியில குறைச்சேன்னு சொல்லு. பிளேடுன்னு மூச்சு விடாத. விட்டேன்னா ஆயுசுக்கும் உன்னைக் கொலைகாரன்னு சொல்லுவாங்க" என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். குழந்தைக்கு ரத்தம் போகிற வழியில் அடைப்பு, யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது, யார் மேலும் தப்பில்லை. ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். காது கேட்டது, மனது கேட்கவில்லை. மாமனாரும் அவனும் போய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் முகத்தில் பிளேடு வைக்கவில்லை. துக்கம் என்றார்கள், பெண்டாட்டி மேல் உயிர் என்றார்கள். புகழப் புகழ அவனுக்குக் கூசியது. உண்மையில் அது பயம். ஒரு தடவை வைத்ததற்குக் குழந்தை போயிற்று, இன்னொரு தடவை வைத்தால் குழலி போய்விடுவாளோ என்று பயம். படித்தவன், டிப்ளமோ வாங்கினவன், இப்படி நினைக்கலாமா என்று அவனே அவனைத் திட்டிக்கொள்வான். திட்டிவிட்டு மறுபடியும் அதையே நினைப்பான்.

இரண்டரை மாதம் கழித்து, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, குழலி வீட்டுக்கு வருகிறாள். நாளைக்குத் திங்கட்கிழமை. நேற்று அப்துல் மாலிக் போன் பண்ணியிருந்தார். "நாளன்னிக்கு எல்லாருக்கும் மாஸ்க் டெஸ்ட் முரளி. மூஞ்சியை வழிச்சுட்டு வா. இல்லைன்னா உன் பேரை எடுத்துடுவேன். மனசுக்குக் கஷ்டமாதான் இருக்கு. ஆனா உன் உசுருக்கு நான் பொறுப்புப்பா."

பத்து மணிக்கு மதுரைவீரன் மகளைக் கொண்டுவந்து விட்டார். குழலி இளைத்து, கழுத்தெலும்பு தெரிய நின்றாள். சுகப்பிரசவம் ஆகணும் என்று மலைக்கோட்டையில் வாழைத்தார் நேர்ந்துகொள்கிற சந்நிதியில், தாயுமானவருக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மனின் பெயர் அவளுக்கு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே அவனுக்கு நாக்கு எழவில்லை. "வா" என்று மட்டும் சொன்னான். அவள் அவனுடைய தாடியைப் பார்த்தாள், கண் நிறைந்தது, உள்ளே போய்விட்டாள்.

மதுரைவீரன் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு, "பாத்துக்குங்க மாப்ள" என்று கிளம்பினார். சாப்பாடு முடிந்ததும் ரெங்கம்மாளும் கிளம்பினாள். படிக்கட்டில் மகனை நிறுத்தி, "தெரிஞ்சுதா? சாகற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. அவளுக்கு இப்ப இருக்கற ஒரே ஆறுதல் நீ சுத்தமா இருந்தங்கறதுதான். அதையும் பிடுங்கிடாத" என்றாள். முரளி தலையை ஆட்டினான். அம்மா சொல்வது சரி என்றுதான் அவனுக்கும் பட்டது.

அவள் போன பிறகு, சமையலறையில் பாத்திரங்களை ஒழுங்குபண்ணும் சத்தம் ஓய்ந்தது. குழலி வந்து அவன் எதிரில் நின்றாள்.

"நாளைக்கு டெஸ்டாமே. அத்தை சொன்னாங்க. தாடியை எடுத்துடுங்க."

"வேணாம் குழலி. வேற வேலை பாத்துக்கலாம்."

"எதுக்கு வேற வேலை? போதும்ங்க. யாருக்காக வெச்சீங்களோ அதுவே இல்லை. உங்களை இப்படிப் பாக்க எனக்கு முடியலை."

அவளே அலமாரி மேல் தட்டிலிருந்து டப்பாவை இறக்கினாள். பின்பக்கத்து வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டாள். வெந்நீர் வைத்தாள். கண்ணாடியைக் கம்பியில் மாட்டினாள். முரளி மறுக்க வழியில்லாமல் வந்து உட்கார்ந்தான். முதலில் கத்திரியால் வெட்டிக் குறைத்தான், அது ஒழுங்காகத்தான் நடந்தது. முகம் முழுக்க நுரை பூசி, புது பிளேடைப் போட்டு ரேசரைத் திருகினான். கன்னத்துக்குக் கொண்டுபோனான். கை நடுங்கியது. இறக்கினான். மறுபடி கொண்டுபோனான். இந்தத் தடவை தோள்பட்டையிலிருந்தே நடுங்கியது. ரேசர் பக்கெட் தண்ணீரில் விழுந்தது.

குழலி அதை எடுத்தாள். "சொல்லிக் கொடுங்க. நான் பண்றேன்."

"உனக்கு வராது. வெட்டிடுவ."

"வெட்டினா வெட்டட்டும். சொல்லுங்க."

சொன்னான். ரேசரை விறகு பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதே, நுனி விரலால் பிடி. சாய்த்து வை, இன்னும் கொஞ்சம் சாய். அழுத்தாதே, அதன் கனமே போதும். மற்ற கையால் தோலை மேலே இழுத்துக்கொள். ஒரு இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் அலசு. அவள் காதோரத்திலிருந்து ஒரு விரற்கடை இழுத்தாள். நுரையோடு முடி வழித்துக்கொண்டு வந்தது. நெற்றி சுருங்க, உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த இழுப்பு இழுத்தாள். நன்றாகவே வந்தது அவளுக்கு. இடது கன்னம் முழுக்க ஒரு கீறல் இல்லாமல் வழித்து முடித்தாள்.

ரேசரை அலசிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீங்க ஒரு குறையும் வெக்கலைங்க. அதை நெனச்சாதான் எனக்குத் தாங்கலை. எல்லாம் என்னாலதான்."

"என்ன பேசற?"

"பேசாதீங்க, வெட்டிடும்." அவன் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். "நான் ஆத்தைத் தாண்டினேன்."

முரளிக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஏழு மாதத்துக்கு மேல் கர்ப்பிணி ஆற்றைத் தாண்டக் கூடாது என்பதும் வழக்கம். அதனால்தானே எதற்கும் அவளைக் கொள்ளிடம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள்.

"எப்ப?"

"எட்டாம் மாசம். நீங்க போன்ல முகத்தைக் காட்டவே இல்லையே. ஒரு நாள், ரெண்டு நாள்னா சரி. பத்து நாளுக்கு மேல ஆச்சு. நேர்லயும் வரலை. எனக்கு பயம் வந்துடுச்சுங்க. டேங்குல ஏதோ ஆயிடுச்சு, உங்க முகம் வெந்துபோச்சு, மாசமா இருக்கறவகிட்ட சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து மறைக்கறாங்கன்னு தோணிடுச்சு. தூக்கமே இல்லை. லூர்துராணி இருக்கால்ல, கூடப் படிச்சவ, அவ வீட்டுக்குப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். திருவானைக்கோவில்ல எறங்கி ஆட்டோ புடிச்சு வந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு. கீழ்வீடும் பூட்டியிருந்துச்சு. போன் பண்ணேன், நீங்க எடுக்கலை. ஒரு மணி நேரம் படியில உக்காந்திருந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. ரெண்டு தடவை கொள்ளிடத்தைத் தாண்டினேன். மூணாம் நாள் அசைவு நின்னுடுச்சு."

அவள் அழவில்லை. அழுது முடித்தவள் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? ஊரே உங்களைக் கும்பிடுது, ஒரு பிளேடு வெக்கலைன்னு. அத்தை சொல்றப்பல்லாம் எனக்குத் தலை குனிஞ்சு போயிடும். நீங்க ஒழுங்கா இருந்தீங்க. நான்தான் இருக்கலை. அப்ப யாரு கொன்னது? நான்தானே?"

முரளிக்கு அப்போதுதான் புரிந்தது. அட பாவி, எதை ஆறுதல் என்று நினைத்து இத்தனை நாள் பூட்டி வைத்திருந்தான்! அந்தப் பொய்தான் பாறாங்கல்லாக அவள் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தெருத் தெருவாக அவன் அம்மா அவனைப் புகழ்ந்த ஒவ்வொரு வார்த்தையும் இவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. சொன்னால் இவள் போய்விடுவாள் என்று பயந்தான். சொல்லாமல் இருந்தால் இவள் இப்படியே மடிந்துபோவாள் என்பது இப்போது தெரிந்தது.

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். ரேசர் அவன் முகத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது.

"நான் எடுத்தேன் குழலி."

"எதை?"

"தாடியை. உனக்கு எட்டாம் மாசத்துல. கத்திரி இல்லை, பிளேடு. டேங்குல எறங்கறதுக்காக வழிச்சேன். மாலிக் சார் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கலை. அதை நீ பாத்துடுவேன்னுதான் வீடியோவுல வரலை."

நுரை அவன் வலது கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப கேமரா?"

"நல்லாதான் இருந்துச்சு."

"நல்லாதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டாள். ரேசரைப் பக்கெட் விளிம்பில் மெதுவாக வைத்தாள். கூச்சல் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

"காட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். மூணாம் நாள் நானே கூப்பிட்டிருப்பேன். அவ்வளவுதானேங்க? ஒரு நிமிஷம் உங்க மூஞ்சியைக் காட்டியிருந்தா நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன். இந்த ரெண்டரை மாசம், லால்குடியில அந்த ரூம்ல படுத்துக்கிட்டு, நான் கொன்னேன் நான் கொன்னேன்னு... என்னைத் தனியா விட்டுட்டீங்களே."

"மன்னிச்சுக்கோ குழலி."

"மீதியை நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை.

முரளி எழுந்து கதவு வரை போனான். தட்டக் கை வரவில்லை. பாதி முகம் வழித்து, பாதி முகம் நுரையும் தாடியுமாக எவ்வளவு நேரம் அங்கே நின்றானோ. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ரேசரை எடுத்தான். கை நடுங்குகிறதா என்று பார்த்தான், நடுங்கவில்லை. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது? மறுபடி நுரை பூசி வலது கன்னத்தை வழித்தான். மேலுதட்டை வழித்தான். கழுத்தை வழித்தான். கடைசியாகத் தாடைக்கு வந்தபோது மட்டும் அவனால் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவி வழித்து, தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டான்.

அழுகைச் சத்தம் அடங்கி வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. குழலி வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு வருவாள், லால்குடிக்கே போகிறேன் என்பாள் என்று அவன் தயாராக இருந்தான். அவள் கையில் பை இல்லை.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாம சொல்லுங்க" என்றாள்.

"சொல்றேன்."

"எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள பாப்பாவைக் கொண்டுபோயிட்டீங்க. பாக்க வேணாம், பெத்தவ மனசு தாங்காதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட கேட்டா அழறாங்க. அப்பா எந்திரிச்சு வெளிய போயிடறார். நீங்கதான் கையில வாங்கினீங்களாம்." சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து நின்றாள். "யாரு மாதிரிங்க இருந்தா?"

இரண்டரை மாதமாக அவன் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணாடியில் தினமும் தாடி வளர்ந்து வளர்ந்து மூடிக்கொண்டு வந்தது, அவனும் மூடட்டும் என்று விட்டிருந்தான்.

"என்னை மாதிரி" என்றான். உடைந்துபோய் அழுதான். "அப்படியே என்னை மாதிரி குழலி. தாடையில இந்தக் குழி, அவளுக்கும் இருந்துச்சு."

குழலி பக்கத்தில் வந்தாள். அவன் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த முகம்தான். இப்போது முதல் தடவையாகப் பார்ப்பது போல, நெற்றியிலிருந்து மெல்ல இறங்கித் தாடை வரை பார்த்தாள். குழியில் ஒரு விரலை வைத்தாள்.

"இங்கயா?"

"அங்கதான்."

"இவ்வளவு ஆழமாவா?"

"இல்லை. லேசா. சின்னதா."

அவள் விரலை எடுக்கவில்லை. அவன் கண்ணீர் அந்த விரல் மேல் இறங்கிப் புறங்கை வழியாக ஓடியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"உங்க மேல கோவம் போகலை" என்றாள். "போகுமான்னும் தெரியலை. ஆனா தினம் ஷேவ் பண்ணிடுங்க. ஒரு நாள் விடாம பண்ணுங்க. நான் அவளைப் பாக்கணும்."